எட்டாம் பாடம், நாலாம் வாக்கியம்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு நோட்டுக் கடைக்கு மேல்மாடியில் தபால் வழியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஆபீஸ் ஒன்று இருந்தது. பாடம் தபாலில் போகும், விடைத்தாள் தபாலில் வரும். வந்ததைச் சிவப்பு மையில் திருத்தி, அடியில் தன் பெயரை எழுதித் திருப்பி அனுப்புவது மோலியின் வேலை. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி. சரியென்றால் டிக், தப்பென்றால் அடித்துத் திருத்து, மாணவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதினாலும் வேலை போய்விடும் என்பது ஆபீஸ் சட்டம். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசனை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்!

எட்டாம் பாடம் 'டர்ன் அப்'. இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமோ என்னவோ, ரேடியோ சத்தத்தைக் கூட்டினாலும் டர்ன் அப், பேண்ட் காலை மடித்துவிட்டாலும் டர்ன் அப், தொலைந்த சாமான் கிடைத்தாலும் டர்ன் அப், ஆள் வந்து சேர்ந்தாலும் டர்ன் அப். ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆனால் யார் எழுதினார்கள்? எல்லாம் புளுகு. லண்டனிலிருந்து வந்திறங்கும் மாமாவை வருஷத்துக்கு நூறு தாளில் பார்த்துவிடுவாள் மோலி.

சித்தையன் ஒருவர்தான் புளுகாதவர். மாதேஸ்வரன் மலையில் தேங்காய் கற்பூரக் கடை வைத்திருந்தார். பி.யு.சி.யில் இங்கிலீஷில் மூன்று தடவை தோற்று, முப்பத்தெட்டு வயதில் ஒரு கை பார்த்துவிடுவது என்று வீம்பாகப் பணம் கட்டிச் சேர்ந்தவர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் தனக்குக் கல்யாணம் ஆகாமல் போனது மூன்றாம் பாடத்தில் வந்தது. அம்மா செத்த அன்று கடையைப் பாதி மூடிவிட்டு ஓடியது ஐந்தாம் பாடத்தில் வந்தது. ஏழாம் பாடத்தில், 'சிவப்பு மையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்' என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தில் தப்பே இல்லை. இருந்தாலும் மோலி அதை நாலு தடவை படித்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது, தம்பி மெர்வின் வீட்டில் இருந்தாள். வந்த வரன் எல்லாம் ஏதோ ஒரு நொண்டிச் சாக்கில் தட்டிப்போயிருந்தது. மலையிலிருந்து வரும் கவருக்காக அவள் காத்திருந்தாள் என்பதை மறைப்பானேன்? தம்பி பெண்டாட்டி ஷாரனுக்கே தெரிந்துபோயிற்று.

"மோலிக்கா, கட்டு முழுக்கத் தப்பு தப்பா எழுதியிருப்பாங்க, நீங்க என்னடான்னா சிரிக்கிறீங்க. யாரது?"

"யாருமில்ல, சும்மா இரு."

"ஹௌதா, அப்படியா? முகம் அப்படிச் சொல்லலியே!"

தொண்ணூற்றாறு டிசம்பரில் எட்டாம் பாடத்தின் தாள் வந்தது. மூன்று வாக்கியம் வழக்கம்போல, கடை ரேடியோ, பேண்ட், தொலைந்து கிடைத்த ஆடு. நாலாவதைப் படித்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 'ஜனவரி பன்னிரண்டு ஞாயிறு நாலு மணிக்கு நான் சின்ன கடியாரத்தடியில் டர்ன் அப் ஆவேன், நீங்களும் டர்ன் அப் ஆவீர்கள்.' சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டு ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? 'நாலு மணி'க்கு முன்னால் விட்டுப்போயிருந்த 'அட்' என்ற இங்கிலீஷ் வார்த்தையைச் சிவப்பில் சேர்த்தாள். டிக் போட்டாள். பத்துக்குப் பத்து கொடுத்து, பெயரை எழுதி, கவரை ஒட்டிவிட்டாள். பயிற்சி வாக்கியம்தானே, இதை யார் நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய். பயம்தான் காரணம். இந்த வயதில் போய் நின்று, அங்கே யாரும் வராவிட்டால்?

அந்த ஞாயிறு புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்துவிட்டு, அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு அடித்தது, ஐந்து அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் கடியாரத்தடியில் பூ விற்கும் ரங்கம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நேத்து ஒரு ஆளு வெள்ளைச் சட்டையும் கையில தேங்காப் பையுமா ரெண்டு மணியிலேர்ந்து நின்னாரு. இங்கிலீஷ் ஆபீஸ் மேடம் வந்துடுவாங்க, சரின்னு டிக் போட்டிருக்காங்கன்னு என்கிட்ட ஒரு தாளைக் காட்டறாரு. எனக்கென்ன படிக்கவா தெரியும்? விளக்கு வச்சப்புறம்தான் போனாரு. பாவம், ஒரு முழம் மல்லி வேற வாங்கி வச்சிருந்தாரு."

மோலி படியேறிப் போய் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டிக் போட்டால் சரி என்றுதானே அர்த்தம்! அவர் கேட்டார், அவள் வருகிறேன் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் பாடத்துக்கு விடைத்தாள் வரவில்லை. மோலி மூன்று தடவை கடிதம் எழுதி மூன்று தடவையும் கிழித்தாள். வேலை போனால் போகட்டும் என்று துணிய நாலு மாதம் ஆயிற்று. மே மாதம் ஒரு சனிக்கிழமை கொள்ளேகால் போய், பஸ் மாறி, மலையேறிவிட்டாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், அதற்குமேல் அவர் விட்ட வழி. வழியெல்லாம் அதையே உருப்போட்டுக்கொண்டு போனாள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கல்லாவில் காது ஓரம் நரைத்த ஒருவர். பக்கத்தில், புது மஞ்சள் கயிறு கழுத்தில் பளிச்சென்று தெரிய, ஒரு பெண் கற்பூரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதம்மா, அக்காவுக்கு என்ன வேணும்னு கேளு" என்றார் அவர்.

மோலி கற்பூரத்தைக் கை காட்டினாள்.

"எந்தூருங்கக்கா?" என்றாள் மாதம்மா.

"மைசூரு."

அவர் நிமிர்ந்தார். "மைசூர்ல எங்கீங்க?"

"தேவராஜ மொஹல்லா."

"அங்க தபால்ல இங்கிலீஷ் சொல்லித் தர்ற ஆபீஸ் ஒண்ணு இருக்குதுங்களே, அதுல மோலின்னு ஒரு டீச்சரு. தெரியுங்களா?"

மாதம்மா வெள்ளையாகச் சிரித்தாள். "தை மாசத்துலேர்ந்து மைசூர்க்காரங்க யாரு வந்தாலும் இதேதாங்க்கா கேக்கறாராம். அந்த டீச்சருக்கு என்னமோ ஆயிப்போச்சாம்."

"ஆமாங்க" என்றார் அவர். "வர்றேன்னு சொல்லியிருந்தாங்க, வரல. சொன்னா வராம இருக்கிற ஆளில்லீங்க அவங்க. நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் கண்களில் கோபம் இருக்குமென்றுதான் மோலி வந்திருந்தாள். ஒரு துளி இல்லை. மாதம்மாவின் கழுத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெரியுங்க" என்றாள். "அவங்க தவறிட்டாங்க."

"எப்பங்க?"

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"அதானே" என்றார் சித்தையன். குரல் உடைந்துபோயிருந்தது. "நான் சொல்லலே மாதம்மா? வராம இருப்பாங்களா?"

மோலி கையிலிருந்த கற்பூரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. தட்டிலிருந்து தானும் ஒரு கட்டி எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த டீச்சரின் ஆத்மா சாந்தியடைய ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அவளிடமே சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.