திரையில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

நான் வேலை பார்க்கும் பேருந்து நிறுவனம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாசிர் கூடாங்கில் இருக்கிறது. தொழிற்சாலை ஊழியர்களை ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போவதும், முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அதன் தொழில். இங்கே வருவதற்கு முன் ஒரு தமிழ் நாளிதழின் ஜொகூர் அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்தேன். அந்த அலுவலகத்தை மூடினார்கள். இந்த நிறுவனத்தின் முதலாளி என் செய்திகளைப் படித்தவர் என்பதால் எனக்கு இங்கே இடம் கிடைத்தது. எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் அழைப்போம்.

சேர்ந்த அன்றே பாஸ் சொன்னார்: "நாள் முழுக்க கஸ்டமர்கிட்ட இங்கிலீஷ், ஆபீஸ்ல மலாய். காலையில ஒரு பக்கமாச்சும் தமிழ்ல படிக்கலாம்னு பாக்குறேன். நேத்து நம்ம பஸ்ஸுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு எழுதிக் குடுங்க."

காலை அறிக்கை அப்படித் தொடங்கியது. எந்தப் பேருந்து எந்தத் தொழிற்சாலை வாசலுக்குத் தாமதமாகப் போனது, ஏன் போனது என்று ஒரே பக்கம். முக்கியமான செய்தி முதல் வரியில் இருக்கும். பெயரடைகள் இருக்காது. பாஸ் அதை, நுரை பொங்க ஆற்றிய பால்தேநீரான தே தாரேயோடு படிப்பார். பாதி படித்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொல்வார். மாசாய் பக்கம் மழைத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, டயர் மாற்ற யார் இறங்கினார்கள் என்று கேட்பார். நாளிதழில் எனக்கு எத்தனை வாசகர்கள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒரே ஒருவர். ஆனால் அவர் படிக்கும்போது முகத்தைப் பார்க்க முடிந்தது.

இந்த வருடம் தொடங்கிய கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் தரவுப் பிரிவில் இருந்தவள். எல்லையில் தினமும் வரிசையில் நின்று அலுத்துப்போய் இந்தப் பக்கமே வேலை தேடினாளாம். பேருந்துகளில் முன்பே பொருத்தியிருந்த கருவிகள் அனுப்பும் நேரங்களையெல்லாம் ஒரு திரையில் கொண்டுவருவது அவள் வேலை. அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். ஓட்டுநர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பை வரவழைத்தது. "எங்க டேஷ்போர்டுல முருகன் படமும் பொடிமட்டையும்தான் இருக்கு. ஆபீஸ் டேஷ்போர்டுல என்னம்மா வெச்சிருக்க?" என்று ஒரு மூத்த ஓட்டுநர் அவளைக் கேட்டார். "உங்க லேட்டுதான் இருக்கு அண்ணே" என்றாள். வாசலோரத்தில் தேநீர் விற்கும் ஒட்டுக்கடையில் அன்று முழுக்க அந்தப் பதிலைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள்மேல் வந்த முதல் எரிச்சல் அது. நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

திரையின் மேல்பக்கம் சில பெட்டிகளை வரிசையாக வைத்தாள். தேதி, தொழிற்சாலை, தடம், ஷிப்டு, தாமத நிமிடம். அவற்றுக்கு ஃபில்டர் என்று பெயர். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது மட்டும் கீழே நிற்கும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஒரு தொழிற்சாலையைத் தொட்டால், தடம் என்ற பெட்டியில் அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் தடங்கள் மட்டும் மிஞ்சும். வேண்டாதவற்றுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்கும் வேலை பாஸுக்கு இல்லை.

தாமதம் என்றால் என்ன என்பதையும் அவள் பொதுவாக விடவில்லை. சில தொழிற்சாலைகளில் வாசலில் இறங்கியதும் கார்டு தட்டிவிடலாம். சிலவற்றில் உடை மாற்றும் அறைவரை நடக்க வேண்டும். அதனால் பேருந்து எத்தனை நிமிடம் முன்னால் நின்றால் சரியான நேரம் என்பதை ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனியாக வைத்தாள். நான் அந்தச் சொல்லை வருடக்கணக்கில் தினமும் எழுதியவன். அதற்கு எல்லை எது என்று ஒருநாளும் எழுதியதில்லை.

பாஸ் அவளுக்காகத் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். ஒட்டுக்கடையிலிருந்து இரண்டு தே தாரே போனதைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவள் விரல் திரையில் எங்கே போகிறதோ அங்கே அவர் தலையும் போனது. என் அறிக்கை மேசையின் ஓரத்தில் இருந்தது. அதன்மேல் அவருடைய கைபேசி இருந்தது. கொஞ்ச நாளில், அறிக்கையைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றாலும் கூப்பிடுவதில்லை. மாதக் கடைசி நெருங்கியபோது ஒருநாள், "ரெண்டும் ஒரே விஷயத்தத்தான் சொல்லுது. அடுத்த மீட்டிங்ல முடிவு பண்ணிக்கலாம்" என்றார். எதை நிறுத்துவது என்பதுதான் அந்த முடிவு. அவர் அதைச் சொல்லவில்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. ஜொகூரில் போன வருடம்வரை வெள்ளியும் சனியும் ஓய்வு நாட்கள். இந்த வருடத்திலிருந்து சனியும் ஞாயிறும். அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே நாளில் மாறிவிட்டன. தொழிற்சாலைகள் அப்படி இல்லை. கோலாலம்பூரில் தலைமையகம் உள்ளவை எப்போதுமே சனி, ஞாயிறு ஓய்வு எடுத்தவை. மற்றவற்றில் சில உடனே மாறின, சில மெதுவாக மாறின. போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட வேண்டுமானால், எந்தத் தொழிற்சாலைக்கு எப்போது எது வேலை நாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு, அவ்வளவுதான். அவள் என்னிடம் வந்து கேட்டே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை.

மீட்டிங்குக்கு முதல் நாள் காலையில் அறிக்கையைக் கொடுக்கப் போனேன். பாஸ் சன்னல் பக்கம் திரும்பி நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். திரை என் பக்கம் இருந்தது. எத்தனை பேருந்துகள் ஓடின என்று, கிழமை வாரியாக இரண்டு வருடங்களும் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. போன வருடத்து ஞாயிறு வெறுமையாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

போன வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பேருந்துகள் நிறைந்து ஓடின. அதை நானே எழுதியிருக்கிறேன். அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் இடத்துக்கு வந்ததும் பழைய அறிக்கைகளைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு மழை, ஞாயிறு டயர், ஞாயிறு சாலை வேலை. எல்லாம் இருந்தன. மதியச் சாப்பாடு அன்று ருசியாக இருந்தது. அவள் எதிர் மேசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீஹூனைச் சாப்பிட்டுக்கொண்டு, "அண்ணே, சம்பல் வேணுமா?" என்று கேட்டாள். வாங்கிக்கொண்டேன்.

மீட்டிங்கில் மூன்று பேர்தான். பாஸ் திரையைச் சுவரில் காட்டினார். அதே படம், அதே வெறும் ஞாயிறு. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் சொன்னேன்.

"பாஸ், ஒரு விஷயம். போன வருஷம் ஞாயித்துக்கெழம பஸ்ஸே ஓடலன்னு இது சொல்லுது. நம்ம பஸ்ல முக்காவாசி அன்னிக்கி ஓடுச்சு. ரெண்டு வருஷத்துக்கும் சிங்கப்பூர் லீவத்தான் போட்டிருக்காங்க போல. இத கஸ்டமருக்குக் காட்டுனா சிரிப்பாங்க."

பாஸ் சுவரைப் பார்த்தார். "ஆமாவா, எங்க ஞாயிறு?" என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ், மேல ரெண்டாவது பெட்டியில என்ன இருக்கு?" என்றாள்.

அதில் ஒரே ஒரு தொழிற்சாலையின் பெயர் இருந்தது. கோலாலம்பூரில் தலைமையகம் உள்ளது. எப்போதும் ஞாயிறு மூடியிருப்பது.

"அலமாக், நாந்தான்" என்றார் பாஸ். "முந்தாநாள் அந்த மேனேஜர் போன் பண்ணாரு. அவருதுமட்டும் பாத்தேன். அப்படியே விட்டுட்டேன் லா."

"கடைசியா வெச்சது அப்படியே நிக்கும் பாஸ். நாந்தான் அப்படி செட் பண்ணேன், தினமும் தேட வேணாமேன்னு." அவள் எழுந்து போய், அந்தப் பெட்டியில் 'எல்லாம்' என்பதைத் தொட்டாள். போன வருடத்து ஞாயிறு எழுந்து நின்றது, வாரத்தின் மற்ற வேலை நாட்களை நெருங்கும் உயரத்துக்கு. பக்கத்தில் இந்த வருடத்து ஞாயிறு குட்டையாக இருந்தது. வெள்ளி அதற்கு நேர் எதிராக இருந்தது. எல்லாம் நான் அறிந்தபடியே இருந்தன.

"ஓய்வு நாள் எப்படிமா தெரிஞ்சிச்சு ஒனக்கு?" என்று பாஸ் கேட்டார்.

"டிரைவர் அண்ணங்களக் கேட்டேன். ஒட்டுக்கடையில ஒக்காந்து ஒரு மத்தியானம் பூரா கேட்டேன். எந்த வாரத்துல மாறுனாங்கன்னுகூட சொன்னாங்க. எந்த வாரம் சம்சாரத்துகூட சண்ட வந்துச்சோ அத வெச்சி ஞாபகம் வெச்சிருக்காங்க."

பாஸ் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அச்சடித்த பக்கத்தில் இருப்பதுதான் பக்கம். அதற்கு வெளியே எதுவும் ஒளிந்திருக்காது. இருபது வருடம் அப்படிப் படித்துப் பழகியவன் நான். திரையையும் அப்படியே படித்துவிட்டேன். மேலே இருந்த பெட்டிகளை, நாளிதழின் மேல்விளிம்பில் தேதியும் விலையும் இருக்குமே, அதைப்போல ஒதுக்கிவிட்டிருந்தேன்.

"அண்ணன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு பாஸ்" என்றாள் அவள். "ஃபில்டர் வெச்சிருக்குன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கேன். பாக்குறவங்களுக்குத் தெரியல. அது என் தப்புதான்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் சிரித்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டியிருக்கலாம். அவள் என்னைக் காப்பாற்றினாள். அதையும் நன்றாகச் செய்தாள்.

முடிவைப் பாஸ் தன்மையாகத்தான் சொன்னார். "நாளைலேர்ந்து அறிக்கை வேணாங்க. ஒங்களுக்கும் காலையில கொஞ்சம் ரிலாக்ஸ். இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. ஒவ்வொரு லேட்டுக்கும் காரணம் என்னன்னு யாராச்சும் போடணும்ல." சரி என்றேன். 

அன்று மதியம் அவள் நாற்காலியோடு என் மேசைக்கு வந்தாள். திரையின் உச்சியில் ஒரு வரி வேண்டும் என்றாள். எந்த ஃபில்டர் இருந்தாலும், இப்போது என்ன தெரிகிறது என்பதை அந்த வரி சொல்ல வேண்டும். தேதியும் பெயரும் தானாக மாறும். மற்றச் சொற்கள் அப்படியே நிற்கும். பாஸ் பார்க்கும் பக்கம் என்பதால் தமிழில் இருக்கட்டும் என்றாள். "நான் ஆறாம் வகுப்பு வரைக்குந்தாண்ணே தமிழ். தப்பா எழுதுனா பாஸ் கிண்டல் பண்ணுவாரு."

நான் எழுதினேன்: 'தற்போது இத்திரையில் காணப்படுவது கீழ்க்காணும் தொழிற்சாலைகளின் விவரங்கள் மட்டுமே.'

அவள் மெதுவாகப் படித்தாள். "நீளமா இருக்கே. கைபேசியில ரெண்டு வரியா ஒடயும்."

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: 'இங்கே தெரிவது இந்தத் தொழிற்சாலை மட்டும். மற்றவை மறைந்திருக்கின்றன.'

"ரெண்டாவது வாக்கியம்தாண்ணே வேலை செய்யுது. மொதல்ல அத வெச்சா?"

 நாளிதழில் நிருபர்களின் செய்திகளுக்கு நான் செய்த வேலை அது. மூன்றாவது பத்தியில் கிடக்கும் செய்தியைத் தூக்கி முதல் வரியில் வைப்பேன். ஆறாம் வகுப்புத் தமிழோடு அவள் அதைச் செய்துவிட்டாள். வரியைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். 'மற்றவை மறைந்திருக்கின்றன. தெரிவது:' அதன் பிறகு பெயர். அவள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். திரையில் போட்டு, ஒவ்வொரு தொழிற்சாலையாக மாற்றிப் பார்த்தாள். பெயர் மாறியது, வரி நின்றது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் வரி வரக்கூடாது என்று அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலை எழுத எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கே வந்துவிட்டேன். பாஸ் வந்தார். உள்ளே போய்த் திரையைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப நல்லாருக்கு மா" என்றார் அவளிடம். "ஒரே பார்வையில தெரியுது."

"அந்த வரி அண்ணன் எழுதுனது பாஸ்."

"தெரியாதா எனக்கு? இத்தன வருஷம் படிச்சிருக்கேன். பாத்ததுமே தெரிஞ்சிச்சு." என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவருடைய முகத்தில் பழைய பிரியம் அப்படியே இருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மா, கொஞ்சம் உள்ள வா. இந்த ஷிப்டு ஃபில்டர்ல நைட்டு மட்டும் வெச்சா வெள்ளி ரெண்டா பிரியுது, ஏன்னு காட்டு."

அவள் குறிப்புப் புத்தகம்கூட எடுக்காமல் எழுந்து போனாள். கதவு மூடியது. என் எழுத்தை அவர் மறக்கவில்லை. பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. தெரிந்தும் அது இல்லாமல் அவருக்குக் காலை நடக்கிறது. மறந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று தாமதமான பேருந்துகள் என் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு பெட்டி. தொட்டால் மழை, டயர், நெரிசல், ஓட்டுநர் மாற்றம், மற்றவை என்று கீழே விரியும். முதல் பேருந்துக்கு மழை என்று வைத்தேன். அடுத்ததற்கும் மழைதான். கண்ணாடிக் கதவுக்குள் அவர் ஏதோ கேட்டார், அவள் கையை விரித்துச் சொன்னாள். ஒட்டுக்கடைப் பையன் இரண்டு தே தாரேயோடு என்னைத் தாண்டி உள்ளே போனான்.