கொட்டாவி கண் விழித்த நாள்

உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. தூங்கிச் சாப்பிட்டவர் நமக்குத் தெரிந்து கொட்டாவி என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர்தான். கேலி இல்லை, ஒரு கார்த் தொழிற்சாலையில் அவருக்கு அதுதான் வேலை. புது வண்டியின் பின் சீட்டில் இவரை உட்கார வைத்துச் சோதனைப் பாதையில் ஓட்டுவார்கள். பள்ளம், மேடு, வளைவு எல்லாம் தாண்டியும் இவர் வாய் பிளந்து தூங்கினால் வண்டி தேறியது. விழித்துக்கொண்டால் வண்டி திரும்பப் பட்டறைக்குப் போகும். பொய்த் தூக்கம் செல்லாது. நடிக்கும்போது இவருக்கு வாய் மூடியே இருக்கும், அது சோதனையை நடத்தும் என்ஜினியரம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டியின் குலுக்கலைத் தாங்கும் பழைய ஷாக் அப்சார்பர்களோடு மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மெத்தென்று வைத்தால் நேர்ப் பாதையில் சொர்க்கம்; வளைவு வந்ததும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, இவர் தலை கண்ணாடியில் மடேரென்று இடிக்கும். இறுக்கி வைத்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்; ஆனால் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் இடுப்பு கழன்றுவிடும். என்ஜினியரம்மா ஊண் உறக்கமில்லாமல் உழைத்துப் புதிதாக ஒன்று செய்திருந்தார். சக்கரம் குதிப்பதையும் வண்டி சாய்வதையும் அது தானே உணர்ந்து, உள்ளே எண்ணெய் ஓடும் துவாரத்தைக் கண்ணிமைப்பதற்குள் மாற்றிவிடும். பள்ளத்தில் துவாரம் அகலும், எண்ணெய் தாராளமாக ஓடும், சக்கரத்தின் ஆட்டம் மேலே வராது. வளைவில் துவாரம் குறுகும், வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆளுக்குத் தகுந்தாற்போல் பேசுகிற சாமர்த்தியசாலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதைச் சோதிக்க முதலாளியே வருவதாக ஏற்பாடு. கொட்டாவி தூங்கினால் எல்லா வண்டியிலும் இதைப் பொருத்துவார்கள், அவருடைய தற்காலிக வேலையும் நிரந்தரமாகும். தூங்காவிட்டால் இரண்டுக்கும் பெரிய கும்பிடு.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். பரீட்சைக்கு முதல் நாள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? டிவியை அணைத்தாள், பிள்ளைகளைச் சாடையில் பேச வைத்தாள், இருட்டுவதற்கு முன்பே புருஷனைப் படுக்க வைத்தாள். அந்த மகராசனும் அடித்துப் போட்ட மாதிரி விடிய விடியத் தூங்கினார். அட அறிவுக்கொழுந்துகளா, விருந்துக்குப் போகிறவன் வீட்டிலேயே மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டா போவான்?

மறுநாள் இவர் முகத்தைப் பார்த்ததும் என்ஜினியரம்மாவுக்குப் பகீரென்றது.

“என்னண்ணே, கண்ணு ரெண்டும் இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?”

“ராத்திரி நல்லாத் தூங்கினேன்மா.”

அந்தம்மா பக்கத்திலிருந்த தூணில் சாய்ந்துகொண்டார்.

முதலாளி வந்து பின் சீட்டில் கொட்டாவியின் பக்கத்தில் அமர்ந்தார். பாவம், முதலாளிக்குத் தூக்கமே வராது. பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. வண்டி கிளம்பியது. பள்ளங்கள் வந்தன, போயின, ஒன்றும் தெரியவில்லை. வளைவுகளில் தலை எங்கேயும் இடிக்கவில்லை. கொட்டாவிக்கோ தூக்கம் கிட்டவே வரவில்லை. மைத்துனர் வீடு கட்டிய கதையை முழுசாக நினைத்துப் பார்த்தார், அதற்கும் கண் சொருகவில்லை. கடைசியில் வாயை வேண்டுமென்றே பிளந்து வைத்தார், நாக்கு வறண்டு இருமல்தான் வந்தது. முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருந்த என்ஜினியரம்மாவின் முகம் கண்ணாடியில் அழுகிற மாதிரி தெரிந்தது.

அப்போது கொட்டாவியின் தோளில் பொத்தென்று ஏதோ விழுந்தது. முதலாளியின் தலை. வாய் பிளந்திருந்தது.

யாருக்கு அவரை எழுப்பத் துணிச்சல் வரும்? டிரைவர் சுற்றினார், சுற்றினார், பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நிற்கும்வரை சுற்றினார். கொட்டாவி மூச்சைக்கூட அளந்து அளந்து விட்டார். ஆட்டம் நின்றதும் முதலாளி கண் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன, இன்னும் கிளம்பலையா?”

எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததை அவரே பார்த்தார். எல்லா வண்டியிலும் இதையே பொருத்தச் சொன்னார். பிறகு கொட்டாவியைத் திரும்பிப் பார்த்தார்.

“இவரை நிரந்தரமாக்கிடுங்க. நல்ல தோளு.”

வீட்டில் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். தூங்கினீர்களா என்றாள், பொட்டுக்கூட இல்லை என்றார். அவள் முகம் செத்துப்போனது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லி, நடந்ததையும் சொல்லி, ஈரமான சட்டைத் தோளைக் காட்டினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள்.

“நான் சாஞ்சா மட்டும் தோள் வலிக்குதும்பீங்க.”

“இந்தப் பக்கம் காய்ஞ்சுதான் இருக்கு. சாஞ்சுக்கோ.”

படியிலேயே உட்கார்ந்தார்கள். அவள் சாய்ந்து, அந்த முதலாளி இன்னும் என்னவெல்லாம் சொன்னார் என்று ஆசையாகக் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் வாய் பிளந்திருந்தார்.