அலவாங்கின் இடம்

எங்கள் மாமாவுக்கு ஒழுங்கு என்றால் பைத்தியம். அம்மாவின் தம்பியான அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு வேலைத்தளத்தில் இருந்தார். அங்கே ஒவ்வொரு சாமானும் பலகையில் தொங்குமாம். பின்னால் அதன் உருவம் வரைந்திருக்குமாம். எது திரும்பி வரவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமாம். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை எடுப்பார்.

அது சண்டைக் காலம். ஆமி சோதனைக்கு வந்தால் அரிசிப்பானையைக்கூட விட்டுவைப்பதில்லை. ஒருமுறை கட்டிலின் கீழ் கிடந்த கோடாலிக்காக எங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் மாமா கிணற்றடியில் இரண்டு கட்டை நட்டு, பழைய வள்ளத்துப் பலகைகளை அறைந்து, மழைக்கு மேலே தகரமும் போட்டார்.

“உள்ளுக்கு வைச்சாத்தானே அக்கா கேள்வி? வெளியில தொங்கினா ஆருக்கு என்ன சந்தேகம்?”

“சாமித்தட்டுச் செய்து தா எண்டு எத்தினை நாளாக் கேக்கிறன். மண்வெட்டிக்குக் கோயில் கட்டுறாய்,” என்று அம்மா சிரித்தார்.

மண்வெட்டி, மரம் அரியும் வாள், கோடாலி, குறடு என்று ஒவ்வொன்றையும் பலகையில் வைத்துச் சுற்றிவரத் தாரால் கோடு இழுத்தார் மாமா. நிலம் கிண்டுகிற பாரமான இரும்புக் கம்பி, அந்த அலவாங்கு மட்டும் நிலத்தில் ஊன்றிப் பலகையில் சாய்ந்து நிற்கும். அதற்கும் நீளமாக ஒரு கோடு. ஊரிலேயே அழகான பொருள் அதுதான் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தக் கோடுகளை மாமா இழுக்காமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அண்ணன் ஷெல்லடிக்குப் பதுங்கப் பங்கர் வெட்ட அலவாங்கை இரவல் வாங்கிக்கொண்டு போனார். விடியற்காலை அவர்கள் குடும்பத்தோடு சாம்பல்தீவில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆமி வந்து எங்கள் வீதியை வளைத்தது. இரவு யாரோ வீதியைக் கிண்டிக் கண்ணிவெடி புதைத்திருந்தார்களாம்.

ஆமிக்காரன் ஒருவன் நேரே கிணற்றடிக்குப் போனான். பலகையில் எல்லாம் ஒழுங்காகத் தொங்கின. வெறுமையாக இருந்த நீளக் கோட்டில் விரலை வைத்து மாமாவைப் பார்த்தான்.

“அலவாங்கு. பக்கத்து வீட்டுக்குக் குடுத்தனான்,” என்றார் மாமா.

பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது.

“பின்னேரம் வந்திடுவன் அக்கா,” என்று சொல்லிவிட்டு மாமா டிரக்கில் ஏறினார்.

பின்னேரம் அலவாங்குதான் வந்தது. அண்ணன் அதை எங்கள் வாசல் படலையடியில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். அம்மா அவரையும் கூட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடினார். அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்று வாசலில் நின்றவன் சொன்னானாம்.

அவர்கள் போயிருந்த நேரம் நான் அலவாங்கை முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு போய், அதன் கோட்டுக்குள் நிமிர்த்தி வைத்தேன். இனி ஒன்றும் குறையில்லை, மாமாவை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். பிறகு எவர் இரவல் கேட்டு வந்தாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கொடுக்க ஏலாது என்று அழுவேன். அப்போதெல்லாம் அம்மா என்னை ஏசாமல், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.