கல்லறையில் கற்கண்டு

அருளப்பன் போய்விட்டார் என்று அலைபேசி சொன்னபோது, குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். ஆடு உட்பட எல்லோரும் மௌனமானோம். அன்று ஓசூர் ஆலைகள் ஒன்றுகூடச் சங்கு ஊதியிருக்கக் கூடாது. ஊதின. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களே, எங்கள் ஆலையில் சூப்பர்வைசராக அவர் நடத்திய மாபெரும் போர் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தை பிறந்தாலும் வேலை நிரந்தரமானாலும் நாம் நீட்டும் எலுமிச்சை மிட்டாய்க்கு நம் ஊரில் 'சாக்லேட்' என்றுதான் பெயர். அவருக்குப் பொறுக்காது.

"கோகோ எங்கய்யா இருக்குது இதுல? இது கேண்டி!"

"பேரு எதுவானா என்னா சார், பல்லு ஒண்ணுதானே சொத்தையாவுது?" என்பார் கன்னடக்காரர் நஞ்சுண்டப்பா.

உடனே சொல்லின் வரலாறு தொடங்கும். "கண்டம்னா துண்டு. சர்க்கரைத் துண்டு பாரசீகம் போயி கந்த் ஆச்சு, அரபிக்காரன் கந்தின்னான், பிரெஞ்சுக்காரன் வழியா இங்கிலீஷ்ல கேண்டி. நம்ம கற்கண்டும் அதுக்குச் சொந்தம்தான்!" அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல்லோடு நாங்களும் ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, கப்பலேறி, லண்டனில் குளிரில் நடுங்கித் திரும்பியிருப்போம்.

மருத்துவமனைக் கட்டிலில் மனைவி ஸ்டெல்லாவிடம் அவர் கடைசியாகக் கேட்டதும் அதுதான்: "என்னைப் புதைக்கிற அன்னிக்கு எல்லாருக்கும் கற்கண்டு குடு. துண்டு போடறதே பங்கு வெக்கத்தான்."

கல்லறையில் ஸ்டெல்லா கற்கண்டுப் பையை மார்போடு அணைத்தபடி நின்றார். "அண்ணா, புருசன் செத்ததுக்கு இனிப்புக் குடுத்தவள்னு ஊரே பேசாதா? குடுக்கலைன்னா, அவரு கடைசியாக் கேட்டதையே செய்யாதவளா ஆயிடுவேனே."

உலகத்துக்கே ஆலோசனை வழங்கும் நான் அன்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். நஞ்சுண்டப்பாதான் முன்னே வந்து கையை நீட்டினார். "குடும்மா. சார் சொன்ன வேலைய எங்க ஷிப்ட்டு எப்பவும் பாக்கி வெச்சதில்ல."

அவர் பின்னால் ஷிப்டே வரிசையில் நின்றது. "இதென்ன கூத்து" என்று முணுமுணுத்த உறவுக்காரப் பெரியவரும் கடைசியில் கை நீட்டினார். "எம்மவளுக்கும் ஒண்ணு" என்று இன்னொன்றையும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து ஸ்டெல்லாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பையைத் துழாவி, தன் வாயிலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

அருளப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய அடத்தை. தன் சாவுக்கு வந்தவர்களைக்கூட வெறும் வாயோடு வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்ற அடம்.