ஏலச்செடிக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயம்

கோபம் ஆறிய பிறகு எழுது என்பார்கள். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

போன வாரம் முழுக்க போடியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சிலமலையில் இருக்கும் என் அக்காவுக்குக் கடுங்காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்றார்கள். வந்தவுடனே வீரியமான ஆன்டிபயாட்டிக் ஊசி. உயிரைக் காப்பாற்றத்தானே? அதில் எனக்குக் குறையில்லை. காய்ச்சலும் இறங்கியது.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. யாருக்கு எந்த ஆன்டிபயாட்டிக், எப்போது நிறுத்துவது என்று மதுரையிலிருந்து ஒரு நிபுணர் வீடியோவில் ஆலோசனை சொல்வார். நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, அந்த மேடம் அக்காவிடமே பேசினார்.

"காதுக்குள்ள வண்டு இரையுற மாதிரி இருக்கும்மா" என்றாள் அக்கா.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. "ஊசியை இன்னிக்கே நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தாச்சு, இந்தக் கிருமிக்குச் சாதாரண மாத்திரையே போதும். இனியும் போட்டா காது போயிரும். போனா வர்றது கஷ்டம்."

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரித்தார்... ஆமாம், சிரித்தார்!

"நோயாளியத் தொட்டுக்கூடப் பாக்காதவங்க மதுரையில உக்காந்துக்கிட்டு சொன்னா ஆச்சா? அம்பது வயசுல காது இரையத்தான் செய்யும். கோர்ஸ் முடியட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் தடுத்துவிட்டார். "சும்மா இரு தாயி. நாளப்பின்ன இவருகிட்டதான வரணும்."

அப்போது டாக்டரின் போன் அடித்தது. குரங்கணிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. எதிர்முனையில் தோட்டத்து சூப்பர்வைசர். டாக்டர் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"இலை கருகுதா? கட்டப்பனைக்காரருக்கு போட்டோ அனுப்புனியா? என்னங்குறாரு... மருந்தை நிறுத்தச் சொல்றாரா? அப்ப வெரசா நிறுத்து. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கட்டப்பனையில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்லும் அந்த ஏலச்செடி நிபுணர் செடியைத் தொட்டுப் பார்த்தாரா என்ன?

பின்னாலேயே போய் அவர் அறையில் கத்திவிட்டேன். அவரும் கத்தினார். "ஊசியை நிறுத்திட்டு மாத்திரையக் குடுத்தா, 'இங்க ஒண்ணும் பாக்கல'ன்னு உங்க ஆளுங்களே தேனிக்கு கார் புடிச்சிருவாங்க. காய்ச்சல் திரும்புச்சுன்னா யாரத் திட்டுவீங்க? அந்த மேடத்தையா?"

அதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லையே! ஆனால் அவருடைய பயத்துக்கு என் அக்காவின் காதா பலி? செடி பட்டுப்போனால் நஷ்டம் அவருக்கு. காது போனால் அவருக்கென்ன?

மறுநாளும் ஊசி போட்டார்கள். அதற்கு மறுநாள் காலையில், சென்னையில் இருக்கும் மகளோடு பேச அக்கா போனை வலது காதில் வைத்தாள். "லைன் கட்டாயிருச்சுடி" என்று என்னிடம் நீட்டினாள். கட்டாகவில்லை. "அம்மா... அம்மா..." என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

அதன் பிறகுதான் ஊசி நின்றது. "நானும் இன்னிக்கு நிறுத்தலாம்னுதான் இருந்தேன்" என்றார் டாக்டர். அந்த நிமிடம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றது பெரிய விஷயம்.

டிஸ்சார்ஜ் அன்று அக்கா அவரிடம் கேட்டாள். "காது எப்ப சார் சரியாகும்?"

அவர் நர்ஸைப் பார்த்தார். "அந்த மதுரை மேடத்துக்கு ஒரு போன் போடும்மா."

போட்டார்கள். நான்தான் வாங்கி, வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். மேடம் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை — அக்கா இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவள்.