இரண்டு செக்கன் கொன்ஸ்ரன்ஸ்

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் ஓர்கன் வாசிக்காமல் ஒரு கத்தோலிக்கக் கலியாணம் நடந்ததென்றால், ஒன்றில் அவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கஞ்சர்களாக இருந்திருப்பார்கள். எல்லாரும் ஓர்கன் என்று சொன்னாலும் அது மின்சாரத்தில் வேலை செய்யும் ஜப்பான் கீபோட். அதைப் பெட்டியோடு மோட்டார்சைக்கிளின் பின்சீற்றில் கட்டிக்கொண்டு வத்தளைக்கும் முகத்துவாரத்துக்கும் போய்வருவான். ஒல்லியான ஆள். நாற்பதை நெருங்கியும் தான் கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "மற்றவையின்ர கலியாணத்துக்கே நேரம் காணாது" என்பான்.

அவனுக்கு மூத்தவள் கொன்ஸ்ரன்ஸ். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். கோயில் பாடகர் குழுவையும் அவள்தான் நடத்தினாள். எனக்குப் பாட்டைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அவள் பாடத் தொடங்கினால் கோயில் வாசலில் நின்று அரசியல் கதைக்கிற ஆண்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே வருவார்கள். குரல் நல்லது என்பதற்கு எனக்கு அது போதும்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்துவந்தேன். அதனால் கொன்ஸ்ரன்ஸின் தொண்டையில் புற்று என்று தெரிந்தபோது ஹியூபேட் முதலில் வந்தது என்னிடம்.

"றோஸியக்கா, குரல் பெட்டியை எடுக்கோணுமாம்."

"எடுக்கத்தான் வேணும். எப்பவாம்?"

"தவக்காலம் தொடங்கின கையோட."

"அவள் என்ன சொல்லுறாள்?"

"'எடுக்கிறதெண்டால் கெதியா எடுங்கோ, ஒஃபிசில லீவு இல்லை' எண்டு டொக்டருக்குச் சொல்லிப்போட்டா."

அவள் அப்படித்தான். ஹியூபேட் அப்படியல்ல. கழுத்தில் போடப்போகும் குழாயைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்க, அவன் கீபோட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். அந்தக் கீபோட்டில் மைக்கைச் செருகி ஒரு சத்தத்தைப் பிடித்து வைக்கலாம். பிறகு கட்டையை அழுத்தினால் அந்தச் சத்தமே வரும். கலியாணங்களில் நாய் குரைக்கிற சத்தத்தைப் பிடித்து வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பான். ஆனால் உள்ளே இருந்த மெமறிக்கு இரண்டு செக்கனுக்கு மேல் பிடிக்காது. கொன்ஸ்ரன்ஸிடம் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். அவள் மூச்சை இழுத்துப் பாட ஆயத்தமாகும் முன்பே இடம் முடிந்துவிட்டது. பலமுறை முயன்றும் கடைசியில் விழுந்தது பாட்டு அல்ல. பொறுமை இழந்து, போதும் என்று அவள் போட்ட சத்தம்: "காணும்டா, தேத்தண்ணி ஆறுது!"

அதையும் அவன் அழிக்கவில்லை. ஒரு ஃப்ளொப்பியில் எழுதி வைத்துக்கொண்டான்.

அவன் விரும்பியது உயிர்ப்புத் திருவிழிப்புப் பூசையின் மகிமைக் கீதம். பெரிய வியாழன் பூசையோடு கோயிலில் மணியும் ஓர்கனும் நின்றுவிடும். பெரிய வெள்ளியில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். பிறகு திருவிழிப்பில் மகிமைக் கீதம் தொடங்கும்போது மணியும் ஓர்கனும் ஒரேயடியாக ஒலிக்கும். இருபது வருடமாக அந்தப் பாட்டைத் தனிக்குரலில் எடுத்துக் கொடுத்தவள் கொன்ஸ்ரன்ஸ். இந்த முறையும் அவள் குரலே எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் வாங்கிலில் இருந்து அதைக் கேட்க வேண்டும் என்பது அவன் திட்டம்.

"கசெட்டில பிடிச்சால் என்ன?" என்று கேட்டேன்.

"கசெட் அது போற போக்கில போகும், அக்கா. கரண்ட் குறைஞ்சால் இழுக்கும். இதில நான் எப்ப விரலை வைக்கிறேனோ அப்ப அக்கா தொடங்குவா."

கீபோட் கம்பனியின் ஏஜென்ட் கூடுதல் மெமறிக்குச் சொன்ன விலைக்கு அவன் இன்னொரு கீபோட்டே வாங்கியிருப்பான். பிறகு வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் திருத்துகிற முத்துலிங்கம் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கொம்பியூட்டருக்குப் போடுகிற மெமறியே இதற்கும் பொருந்தும் என்றார். ஆனால் அந்தக் காலத்தில் கொம்பியூட்டர் மெமறியும் பவுன் மாதிரித்தான். அவர் விலையைச் சொல்ல, ஹியூபேட் ஒரு நாள் யோசித்தான். அடுத்த நாள் மோட்டார்சைக்கிளை மாளிகாவத்தையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மெமறியை வாங்கி, பஞ்சு வைத்த நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் நெருப்புப்பெட்டியைத் திறந்தான். உள்ளே பச்சை நிறத்தில், கறுப்புக் கறுப்பாகப் பூச்சி ஒட்டினது போல ஒரு துண்டு. அடையாள அட்டையில் தகப்பனின் தமிழ்ப் பெயர்.

"மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மெமறி, சேர். ஓர்கன் எகட்ட." ஓர்கனுக்கு என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்.

பஸ் போய்விட்டது. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் இருத்தி வைத்தார்கள். பின்னேரம் ஒரு மேலதிகாரி வந்து பார்த்து, தன் தம்பியும் பாண்ட் ஒன்றில் வாசிக்கிறவன் என்று சொல்லி, விலையைக் கேட்டாராம். ஹியூபேட் சொன்னதும் அவர் நெருப்புப்பெட்டியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாராம்.

கொன்ஸ்ரன்ஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், மோட்டார்சைக்கிளை விற்று மெமறி வாங்குகிற விசரன் என்று அதைத் திருப்பிக் கொடுக்க வைத்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் நான் அவளுடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஹியூபேட் மைக்கோடு வந்தான்.

"அக்கா, புது மைக். செக் பண்ணோணும். மகிமைக் கீதத்தை ஒருக்கா எடுங்கோ."

"நாளைக்கு வெட்டப் போறவளிட்ட மைக் செக் பண்ணுறான், பார் றோஸி. டேய், பைக் எங்க?"

"கராஜில."

"ஒரு கிழமையா கராஜில என்ன செய்யுது? தவக்காலமெண்டு அதுவும் ஒறுத்தல் செய்யுதோ?"

"பாடுங்கோ, அக்கா."

அந்த நாட்களில் அவளுக்குக் காலையில் குரல் அடைத்திருக்கும், பின்னேரத்தில் கொஞ்ச நேரம் தெளியும். அவள் கட்டில் விளிம்பில் இருந்தபடியே முதல் பகுதியைப் பாடினாள். நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டேன். பாடி முடித்ததும், "மைக் பரவாயில்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை.

அடுத்து வந்த சிக்கல்: அந்தப் பாட்டு ஃப்ளொப்பியில் அடங்காத நீளம். துண்டாக்கி எழுத அந்தக் கீபோட்டுக்குத் தெரியாது. கரண்ட் இருக்கும் வரைதான் மெமறியில் நிற்கும், நின்றால் போய்விடும். ஆகவே கீபோட்டை நிற்பாட்டாமல் வைத்திருக்க வேண்டும். தவக்காலத்தில் கலியாணம் இல்லை, அது நல்லதாகப் போயிற்று. ஆனால் மின்வெட்டு இருந்தது. கார் பற்றரி ஒன்றை இரவல் வாங்கி இணைத்தான். காலையில் எழும்பினால் முதலில் அக்காவின் குழாயைப் பார்ப்பான், பிறகு கீபோட்டின் சிவப்பு லைற்றைப் பார்ப்பான். அக்காவின் கண்ணில் படாமல் அதன் மேல் ஒரு துணியும் போட்டிருந்தான்.

கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்கு வந்ததும் நான் பொறுப்பெடுத்தேன். குழாயைக் கழற்றிக் கழுவுவது, கால் பம்பால் சளி எடுப்பது, கழுத்துத் துவாரத்தில் ஈரத்துணி போடுவது. அவள் ஒரு சிலேட்டில் எழுதிக் கதைத்தாள். எழுத்திலும் ஏச்சுத்தான்.

பெரிய வெள்ளி அன்று ஹியூபேட் சுரூபம் தூக்கக் கோயிலுக்குப் போய்விட்டான். நான் பின்னால் குழாயை அவித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கொன்ஸ்ரன்ஸ் முன்னறையில் கையைத் தட்டிக்கொண்டு நின்றாள், வீடு ஒதுக்கி முடித்த பெண்கள் நிற்பது போல. கீபோட்டின் மேல் கோயிலுக்காக அவள் தைத்து வைத்திருந்த ஊதாத் துணி. சுவர் வயரும் பற்றரி வயரும் கழற்றப்பட்டு, ஒழுங்காகச் சுருட்டி, பக்கத்தில் இருந்தன.

சிலேட்டைக் காட்டினாள். "இயேசு செத்துக் கிடக்கிறார். இவனுக்கு லைற் கேட்குது."

இருபது வருடமாக, பெரிய வியாழன் முடிந்ததும் கோயில் ஓர்கனை மூடி ஊதாத் துணி போடுகிறவள் அவள். தன் வீட்டில் ஒன்று விழித்திருக்க விடுவாளா?

ஹியூபேட் வந்தான். துணியைப் பார்த்தான். சுருட்டி வைத்த வயரைப் பார்த்தான்.

"ஆர் நிப்பாட்டினது?"

கொன்ஸ்ரன்ஸ் பெருமையாகக் கையை உயர்த்தினாள்.

"சரி அக்கா. நான் மறந்துபோனன்" என்றான். பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். நான் துவாயை நீட்டினேன்.

"அவவுக்குச் சொல்லாதையுங்கோ" என்றான்.

"நான் சொல்ல மாட்டன். ஆனா நோயாளியிட்ட மறைச்சால் அது வேற வழியால வெளியில வரும். நீயே சொல்லு."

"என்னெண்டு சொல்லுறது? 'அக்கா, உங்கட குரலை நீங்களே நிப்பாட்டிப்போட்டீங்கள்' எண்டோ?"

நான் துவாயை வாங்கிக் கொடியில் போட்டேன்.

ஆமிச் சோதனைகள் காரணமாக அந்த வருடம் சனி நள்ளிரவில் வைக்கிற திருவிழிப்பைப் பொழுது படும்போதே வைத்தார்கள். மகிமைக் கீதத்தை வேறொருத்தி எடுத்துக் கொடுத்தாள். மணிகள் அடித்தன. ஹியூபேட் ஒரு சுரமும் பிழைக்காமல் வாசித்தான். கொன்ஸ்ரன்ஸ் என் பக்கத்தில் நின்று வாயை அசைத்தாள். முடிந்ததும் சிலேட்டில், "கடைசி அடியை இழுக்கிறாள். அடுத்த முறை திருத்தோணும்" என்று எழுதினாள்.

அடுத்த நாள், உயிர்ப்பு ஞாயிறு. கோழிக்கறியும் பாணும். வத்தளையில் காலைப் பூசைக்கு வாசித்துவிட்டு அவன் கீபோட்டோடு பஸ்ஸில் வந்ததை அவள் கண்டுவிட்டாள். அதற்கும் கொண்டக்டர் ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறான். சிலேட் மேசைக்கு வந்தது.

"பைக் எங்கே? உண்மை சொல்லு."

ஹியூபேட் என்னைப் பார்த்தான். நான் கோழிக்கறியைப் பார்த்தேன். சொன்னான். மெமறி, நெருப்புப்பெட்டி, மைக் செக், கடைசியில் ஊதாத் துணி வரைக்கும். சொல்லி முடித்ததும் பாண் துண்டைத் தட்டில் திருப்பி வைத்தான்.

கொன்ஸ்ரன்ஸ் "எவ்வளவு?" என்று எழுதினாள். அவன் விலையைச் சொன்னதும் சிலேட் துடைக்கிற துணியால் அவன் தலையில் ஓங்கி அடித்தாள். பிறகு அதே துணியால் தன் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் வெண்கட்டித் தூசி.

"ஒண்டும் மிச்சமில்லையோ?"

"இருக்குது. ஆனா அது பாட்டு இல்லை."

அவன் எழும்பிப் போய்ப் பழைய ஃப்ளொப்பியைச் செருகினான். நடுக்கட்டையை அழுத்தினான்.

"காணும்டா, தேத்தண்ணி ஆறுது!"

ஹியூபேட் கீழ்க் கட்டையை அழுத்தினான். பெட்டிக்குள் இருந்த கொன்ஸ்ரன்ஸ் கள்ளுக் குடித்த ஆம்பிளை மாதிரி மெதுவாக ஏசினாள். மேல் கட்டையில் முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கீச்சிட்டாள். பிறகு கை விரித்து ஐந்தாறு கட்டைகளை ஒன்றாக அழுத்த, ஒரு பாடகர் குழுவே சுருதி சேர்ந்து தேத்தண்ணி ஆறுவதாக ஏசியது.

அவள் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பு. கழுத்தில் துவாரம் உள்ளவர்கள் அப்படிச் சிரித்தால் சளி ஏறும். நான் கால் பம்பை இழுத்துக்கொண்டு ஓடினேன். "சிரிச்சது காணும், கொன்ஸ்ரன்ஸ்" என்று ஏசி ஏசித்தான் சளி எடுத்தேன். மூச்சு வந்ததும் அவள் எழும்பி, தம்பியைத் தள்ளிவிட்டு, தானே ஒரு விரலால் அழுத்தினாள். கேட்டாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

அந்த மெமறியைத் திருப்பி விற்கச் சொன்னாள். ஹியூபேட் இழுத்தடித்தான். கடைசியில் முத்துலிங்கத்திடம் கேட்டபோது விலை விழுந்துவிட்டது, ஒரு சைக்கிள் ரயருக்குக்கூடக் காணாது என்றார். அது உள்ளேயே வெறுமையாகக் கிடந்தது. கொன்ஸ்ரன்ஸ் அதற்குப் பிறகு கனகாலம் இருந்தாள். பாடகர் குழுவைச் சிலேட்டாலும் கண்ணாலும் நடத்தினாள்.

ஹியூபேட் கலியாணங்களுக்கு வேறு கீபோட் வாங்கினான். பழையது குசினி வாசலில் ஒரு ஸ்டூலில் இருந்தது. பின்னேரங்களில் அவன் ஒழுங்கை முனையில் ஆட்களோடு கதைத்துக்கொண்டு நிற்பான். தேத்தண்ணி ஊற்றியதும் அவள் கட்டையை அழுத்துவாள். ஒழுங்கைக்கே கேட்கும். மேல் கட்டை என்றால் அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள், இன்னும் கொஞ்சம் கதைக்கலாம். கீழ்க் கட்டை என்றால் அவன் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டு ஓடுவான்.