புதுக் கேபிளும் முதல் சுற்றும்

"அண்ணே, ஸ்டியரிங் இறுகிப்போச்சு. ஆளுங்களோட நடுத்தண்ணியில மாட்டிக்கிட்டா நீங்க வந்து தள்ளுவீங்களா?" விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு ஓட்டிய தம்பி இப்படிக் கேட்ட காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கண்டியில் லொறி எஞ்சின்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டிவிட்டு அந்தப் படகுத்துறைக்கு மெக்கானிக்காகப் போய்ச் சேர்ந்திருந்தேன். கூடப்பிறந்தவன் இல்லை; என்னைவிடப் பத்து வயது இளையவன் என்பதால் தம்பி என்பேன். நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே நான் பார்த்த பெரிய தண்ணீர், எல்லோரும் குளிக்கவும் குடம் நிரப்பவும் வரும் பீலிக்கரைத் தொட்டிதான். நீச்சல் தெரியாது என்பதை வேலை கேட்கும்போது சொல்ல மறந்துவிட்டேன். மறந்தது என்னவோ வேண்டுமென்றேதான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் கேபிள், படகின் ஓரமாக ஓடிப் பின்னாலிருக்கும் எஞ்சினைத் திருப்பும். பழையதைக் கழற்றினால், மேலுறை வெடித்து உள்ளே துரு ஊறிப்போயிருந்தது. புதியதைச் செருகி, இரண்டு முனையையும் முடுக்கி முடிக்க அரை நாள் போயிற்று. ஸ்டியரிங்கைச் சுற்றினேன், எஞ்சின் நாய்வால் போல ஆடியது. ஆடுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை.

கரையில் ஒரு குடும்பம் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு காத்திருந்தது. எட்டுப் பேர்; அதில் இரண்டு சின்னக் குழந்தைகள். "பாத்தாச்சு தம்பி, ஏத்திருவோம்" என்றேன்.

"கை வச்சவருதான் மொதல்ல ஏறணும். நாம ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வருவோம், அப்புறம் மத்தவங்க." எண்ணெய் மாற்றினால்கூட அவனுக்கு இதுதான் வழக்கம்.

துறையைவிட்டு விலகியதும் தம்பி ஸ்டியரிங்கை வலப்பக்கம் சுற்றினான். படகு இடப்பக்கம் பாய்ந்தது. தண்ணீர் வற்றிய காலம். அந்தப் பக்கம் பட்டமரங்கள் தண்ணீருக்கு மேலே கொம்பு நீட்டிக்கொண்டு நின்றன. "வலது, வலது" என்று கத்தினேன். பாவம், அவனும் வலதுதான் சுற்றிக்கொண்டிருந்தான். மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். இருவரில் யார் வந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. போட்டிருந்த ஜாக்கெட் போதாதென்று இன்னொன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். வேகத்தைக் குறைத்துப் படகை நிறுத்திய தம்பி, குனிந்து பார்த்து, "அண்ணே, என் காலை விடுங்க" என்றான்.

ஸ்டியரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தான். "இடம் திருப்பினா வலம் போகுது. பரவால்ல, மெதுவா போயிரலாம்." பெட்டியின் மேல்வழியாகப் போக வேண்டிய கேபிளைக் கீழ்வழியாகச் செருகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பித் திருப்பி, நடக்கிற வேகத்தில் கரைக்குக் கொண்டுவந்தான். அந்தக் குழந்தைகள் இருவரும் துறையில் நின்று எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் நான் முதலில் ஏற்றப் பார்த்தேன்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "மொதலாளிக்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று மட்டும் கேட்டான். நானே சொன்னேன். அந்தக் குடும்பத்திடமும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். குழந்தைகளின் அப்பா அவர்களுடைய ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்.

கேபிளைக் கழற்றி மறுபடி பூட்ட இரண்டு மணி நேரம் ஆனது. இந்த முறை எஞ்சின் போகும் பக்கத்தை ஏழெட்டுத் தரம் பார்த்தேன்.

தம்பி இப்போது அம்பிட்டியவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். நான் இன்னமும் படகுகளோடுதான். நீச்சலும் ஒரு மாதிரியாகக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆனாலும் எதையாவது பூட்டி முடித்து முதல் சுற்றுக்கு ஏறும்போதெல்லாம், அன்றைய இரண்டாவது சுற்றுதான் நினைவுக்கு வரும். மறுபடி பூட்டியதும் நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். "நீங்களே ஓட்டுங்கண்ணே" என்று ஸ்டியரிங்கை என்னிடம் விட்டுவிட்டு, தம்பி படகின் முன்முனையில் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வலப்பக்கம் சுற்றினேன். படகு வலப்பக்கம் போனது. அவன் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.